பதின்மூன்றாம் வளையம்

பாறைநாட்டு ஆண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு, ஆனித் திங்கள் முதல் நாள், முற்பகல் பத்து மணிக்கு, கரைமேட்டு அரசுப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில், ஆசிரியை தில்லைநாயகி ஒரு சிறுவனின் பலகையைத் திருத்திக்கொண்டிருந்தார். சிறுவனின் பெயர் மதிவாணன். வட்டக் கல்விக் கண்காணிப்பாளர் ஏகாம்பரநாதரின் ஒரே மகன். ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று அவன் எழுதியிருந்தான். தில்லைநாயகி அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்து, மதிப்பெண்ணுக்குரிய இடத்தில் சுழியம் இட்டார். அதே நேரத்தில், தலைநகரில், சீர்திருத்த அமைச்சர் குணபாலர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். இவ்விரு செயல்களுக்கும் அப்போது எவ்விதத் தொடர்பும் இல்லை.

பாறைநாட்டில் ஆசிரியர் நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் ஈயம் வார்த்துப் பதித்த நான்கு இரும்பு வளையங்களுக்குள் நிற்கும். இஃது அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. முற்காலத்தில், ஊர்ப் பெரிய மனிதரின் பிள்ளை தேர்வில் தவறினால், மறுநாள் காலையில் ஆசிரியரின் நாற்காலி காணாமற்போகும். கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போனோம் என்பார்கள். கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும்வரை நாற்காலி திரும்பாது. நாற்காலி இல்லாதவர் ஆசிரியர் அல்லர் என்பது நாட்டின் சட்டமாதலால், ஆசிரியரும் திரும்பமாட்டார். ஆகையால் அக்காலத்துப் பிள்ளைகள் அனைவரும் தேர்ச்சி பெற்றார்கள். அவர்கள் வளர்ந்து கட்டிய பாலங்கள் மட்டும் ஆற்றின் பாதிவரை சென்று நின்றன.

அப்படிப்பட்ட பாலம் ஒன்றின் முனையிலிருந்து ஆற்றில் விழுந்து எழுந்த முதலாம் மன்னர், ஈரத் துணியோடு நின்று, "ஆசிரியரின் நாற்காலியும் என் அரியணையும் ஆடக் கூடாது" என்று ஆணையிட்டார். ஒரே கொல்லர், ஒரே உலையில், இரண்டுக்கும் வளையம் அடித்தார். அரியணைக்கு முன்புறம் ஏழு சிங்கக் கால்கள், பின்புறம் ஐந்து. பின்புறத்தில் இரண்டு குறைந்ததற்குக் காரணம், பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அன்றைய நிதியமைச்சர் கேட்டதேயாகும். முடிசூட்டு விழாவில் மன்னரை நீராட்டும் மஞ்சனநீர் தேங்காமல் வடிவதற்காக, அரசவையின் தளத்தை மேற்கே அல்லிக்குளம் நோக்கிச் சற்றுச் சரிவாக அமைத்தார்கள். அரியணை வளையத்துக்குள் நின்றதால் அந்தச் சரிவை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

அமைச்சர் குணபாலர் ஒருமுறை ஒரு பள்ளியைப் பார்வையிட்டபோது, ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டார். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததை அமைச்சர் கவனிக்கவில்லை, உட்கார்ந்திருந்ததைக் கவனித்தார். அதன் விளைவே அந்த ஆனி மாதத்து ஆணை. "வளையமே சோம்பலின் வேர். இனி ஆசிரியர் நாற்காலிகள் வளையமின்றி நிற்கும். ஆண்டுதோறும் ஊரார் மனநிறைவு தெரிவித்தால் நாற்காலி அங்கேயே இருக்கும். இல்லையேல் கிடங்குக்குப் போகும்." ஊரார் என்பது யாரைக் குறிக்கும் என்று ஆணை விளக்கவில்லை. கரைமேட்டில் ஏகாம்பரநாதருக்கு அது விளக்கமின்றியே விளங்கியது.

வளையங்களைக் கழற்றுவதற்கு நாடு முழுவதும் தற்காலிகக் கழற்றாளர்கள் அமர்த்தப்பட்டனர். கரைமேட்டுக்கு வந்தவன் வீரபுத்திரன். அவன் தில்லைநாயகியிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். ஒருமுறை தவறி, இருமுறை படித்தவன்.

"டீச்சர், உள்ள வரலாமா?"

"வந்து நின்னுட்டுக் கேட்கிறியே வீரபுத்திரா. வெளிய போய்க் கேளு."

அவன் கடப்பாரையோடு வெளியே போய், வாசற்படிக்கு அப்பால் நின்று, மறுபடியும் கேட்டு, உள்ளே வந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"வளையத்தைக் கழட்டச் சொல்லியிருக்காங்க டீச்சர்."

"யாரு?"

"மேலிடம்."

"மேலிடத்துக்குப் பேரு கிடையாதா?"

"இருக்கும். எனக்குச் சொல்லல. மாசா மாசம் சொன்ன அளவு வளையம் வந்து சேரலைன்னா என்னைத் தூக்கிடுவோம்னு மட்டும் சொன்னாங்க."

"அப்போ உன் நாற்காலிக்கு ஏதுடா வளையம்?"

"எனக்கு நாற்காலியே கிடையாது டீச்சர்."

தில்லைநாயகிக்கு அதற்குமேல் அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. "ஈயத்தைச் சூடுபண்ணி எடு. தரையை உடைச்சிடாதே, பிள்ளைங்க உட்காரணும்" என்று சொல்லிவிட்டு, பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மறுநாளே ஏகாம்பரநாதர் வந்தார். பட்டுக்கரை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, வளையமற்ற நாற்காலியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது நகர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அம்மையார் அவர்களே, ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது தங்களுடைய கருத்து. அதை நான் மதிக்கிறேன். பதின்மூன்று என்பது பையனுடைய கருத்து. அதையும் மதிப்பதுதானே முறை?"

"மதிக்கலாங்கய்யா. மார்க் போட முடியாது."

"முன்பு தங்கள் நாற்காலிக்கு வளையம் இருந்தது. அப்போது இப்படிப் பேசியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்."

"நாற்காலி கழண்டதுக்காகக் கணக்கும் கழண்டுக்குமாங்க?"

ஏகாம்பரநாதர் விடைபெற்றுக்கொண்டு போய், ஊராருக்கு மனநிறைவில்லை என்று மேலிடத்துக்கு முறையிட்டார். ஐப்பசி முதல் நாள் மன்னர் முன்னிலையில் விசாரணை; ஆசிரியை நாற்காலியுடன் வரவேண்டும்; அதற்குள் சுழியத்தைத் திருத்தினால் வழக்கு இல்லை என்று ஓலை வந்தது. தில்லைநாயகியின் கணவர் மூன்றாண்டுகளாகப் படுக்கையில் இருந்தார். வைத்தியரும் அரிசிக் கடைக்காரரும் அந்த நாற்காலியை நம்பித்தான் அவ்வீட்டுக்குக் கடன் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில், யாரும் இல்லாத இடத்தில் நின்று, "ஏழும் ஐந்தும் பதின்மூன்று" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாக்கில் கல் அகப்பட்டதுபோல் இருந்தது. மறுபடி சொல்ல முயலவில்லை.

ஆடி மாதத்தில் இரண்டாம் ஆணை பிறந்தது. வளையம் போன பின்னும் நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருப்பது அமைச்சரின் பார்வைக்கு வந்திருந்தது. "இருக்கையில் அமர்ந்து ஒருவர் பேச, எதிரே பலர் நின்றோ இருந்தோ கேட்கும் இடம் எதுவாயினும், அவ்விருக்கை வளையமற்றதாயின், அதற்கு உருளை பூட்டப்படும்" என்றது அந்த ஆணை. ஆடிக் காற்றில் ஆசிரியர்கள் வகுப்பின் ஒரு மூலையில் பாடத்தைத் தொடங்கி மறுமூலையில் முடித்தார்கள். சிலர் நாற்காலியைச் சன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டினார்கள். ஆவணி மாதத்தில் மூன்றாம் ஆணை வந்தது: "ஓடும் இருக்கையைக் கட்டுவதும், பிடிப்பதும், தடுப்பதும் சீர்திருத்தத்தைத் தடுப்பதாகக் கருதித் தண்டிக்கப்படும்."

ஆசிரியர்கள் திரண்டு சென்று அமைச்சரைக் கண்டார்கள். பணிப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். குணபாலர் பொறுமையாகக் கேட்டார்.

"பணி, பாதுகாப்பு ஆகிய இரண்டையும் நீங்கள் ஏன் சேர்த்தே கேட்கிறீர்கள்? தனித்தனியே கேளுங்கள். பணி வேண்டுவோர்க்குப் பணி தருகிறோம். பாதுகாப்பு வேண்டுவோர் வீட்டில் இருக்கலாம்."

திரும்பி வந்த ஆசிரியர்கள் தத்தம் வழியைப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர் ஆசிரியர், ஏழும் ஐந்தும் பன்னிரண்டுக்குக் குறையாது என்று கற்பித்தார். அதற்கடுத்த ஊரில் விடையைப் பெற்றோரின் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தில்லைநாயகி மட்டும் நாற்காலியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நின்றுகொண்டே பன்னிரண்டு என்றார்.

புரட்டாசி மாதத்தில் பள்ளி வளையங்கள் தீர்ந்துபோயின. கழற்றாளர்களின் மாத அளவை மட்டும் குறைக்க ஒருவரும் நினைக்கவில்லை. வீரபுத்திரனும் அவன் கூட்டாளிகளும் வேலை போய்விடும் என்னும் அச்சத்தில், தொட்டில் வளையம், நீரிறைக்கும் கவலைச்சால் வளையம், கதவு வளையம் என்று கண்டதையெல்லாம் கழற்றிக் கிடங்கில் சேர்த்தார்கள். கிணற்றில் நீர் இருந்தது, இறைக்க வழியில்லை. நாடு எதிர்பார்த்ததைவிட வேகமாக முன்னேறுகிறது என்று குணபாலர் அவையில் அறிவித்தார்.

ஐப்பசி முதல் நாள் தில்லைநாயகி தம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே தலைநகரம் போய்ச் சேர்ந்தார். இறக்கமான இடங்களில் நாற்காலி அவருக்கு முன்னால் போனது. தடுப்பது குற்றமாதலால் பின்னால் நடந்தார்.

மன்னர் திடவர்மர் அரியணையில் அமர்ந்திருந்தார். குணபாலர் எழுந்து, முறையீட்டை வாசித்து, "ஆகவே, அசையாத மனம் படைத்த இவ்வம்மையார் அசையும் காலத்துக்கு ஏற்றவர் அல்லர். நாற்காலியைக் கிடங்குக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன்" என்று முடித்தார். மன்னர் தீர்ப்புக் கூறுவதற்காகக் கையை உயர்த்தி, சற்றே முன்னால் சாய்ந்தார்.

அரியணை மெல்ல நகர்ந்தது.

முதலில் அஃது ஒருவருக்கும் விளங்கவில்லை. மன்னர் தங்களை நோக்கி வருவதாக எண்ணி மேற்கு வரிசையினர் வணங்கி வழிவிட்டார்கள். மெய்க்காவலர்கள் ஓடிவந்து கையை நீட்டி, மூன்றாம் ஆணை நினைவுக்கு வரவே, கையை மடக்கிக்கொண்டார்கள். அமைச்சர்கள் மரியாதை குறையாமல் இருபுறமும் கூடவே நடந்தார்கள்.

"குணபாலரே, நாம் எங்கே போகிறோம்?" என்றார் மன்னர்.

"முன்னோக்கி, பெருமானே" என்றார் குணபாலர்.

மேற்கு வாயிலைக் கடந்த அரியணை, மஞ்சனநீர் வழக்கமாகப் போகும் வழியிலேயே போய், அல்லிக்குளத்தில் இறங்கியது. நல்லவேளையாக இடுப்பளவு நீர்தான்.

குளக்கரையிலேயே விசாரணை நடந்தது. உருளை பூட்டும் படையின் தலைவர் முன்னே வந்து, "ஒருவர் அமர்ந்து பேச, பலர் நின்று கேட்கும் இருக்கை, நேற்று மாலை வளையமற்று இருந்தது. ஆணைப்படி பூட்டினோம்" என்றார். வளையம் ஏன் இல்லாமற்போனது என்று மன்னர் கேட்டார். கூட்டத்துக்குள் இருந்து வீரபுத்திரன் வந்தான்.

"நான்தான் சாமி கழட்டினேன். புரட்டாசிக் கணக்குக்குக் கொஞ்சம் குறைஞ்சுது. நாட்டுல இங்க மட்டுந்தான் மிச்சம் இருந்துச்சு. முன்னால ஏழு, பின்னால அஞ்சு. அப்படியே கிடங்குல கொடுத்துட்டேன்."

"அவ்வளவும் வந்து சேர்ந்தனவா? கல்வித் துறையார் கூட்டிச் சொல்லுக" என்றார் மன்னர்.

எல்லாரும் ஏகாம்பரநாதரைப் பார்த்தார்கள். அவர் தில்லைநாயகியைப் பார்த்தார், குணபாலரின் கையில் இருந்த தம் முறையீட்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதின்மூன்று, பெருமானே."

"கிடங்கில் பன்னிரண்டுதான் உள்ளன" என்றார் கிடங்குக் காப்பாளர்.

காவலர்கள் வீரபுத்திரனின் இரு கைகளையும் பற்றினார்கள். அரச வளையம் களவுபோனால் ஆயுள்சிறை. அவன் திரும்பிப் பார்த்தான்.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க டீச்சர்."

மன்னர் தும்மினார். "அம்மையே, உம்முடைய நாற்காலி இப்போது எம் கையில் இருக்கிறது என்பதை அறிவீரா?"

"தெரியுங்க மகாராஜா. தள்ளிக்கிட்டு வந்ததே நான்தான்" என்றார் தில்லைநாயகி. அவருக்கு வைத்தியர் வீட்டு வாசல் ஒருகணம் நினைவுக்கு வந்தது. "ஏழும் அஞ்சும் பன்னிரண்டு. இவன் எதையும் திருடல. என்கிட்ட ரெண்டு வருஷம் படிச்சவன். கணக்கு வராது, ஆனா கை சுத்தம்."

பன்னிரண்டு என்றால் கண்காணிப்பாளர் பொய்யராவார். அவர் முறையீடும் அதை நம்பிய அமைச்சரும் உடன் போவார்கள். பதின்மூன்று என்றால் இல்லாத வளையத்தைத் தேடவேண்டும். குணபாலர் குனிந்து, "இரு தரப்பையும் கருதிப் பன்னிரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

"அரை வளையத்தை எந்தக் காலுக்கு மாட்டுவீர்?" என்று கேட்டுவிட்டு, மன்னர் உடை மாற்றப் போய்விட்டார்.

ஐப்பசித் திங்கள் பத்தாம் நாள் இறுதியாக முடிவு செய்யப்பட்டவை வருமாறு. ஆட்சிக்கு நிலைத்தன்மை இன்றியமையாதது ஆதலின், அரியணைக்கு மீண்டும் வளையம் பதிக்கப்பட்டது. பதின்மூன்றாம் வளையத்தைக் கண்டுபிடிக்க, ஏகாம்பரநாதரின் தலைமையில் மூவர் ஆணையம் அமைக்கப்பட்டது. அவர்கள் அச்சமின்றிப் பணியாற்ற வேண்டியிருப்பதால், அவர்களுடைய நாற்காலிகளுக்கு ஆசிரியர்களிடம் கழற்றிய வளையங்கள் பொருத்தப்பட்டன. விசாரணை முடியும்வரை, குற்றம் சாட்டப்பட்ட வீரபுத்திரனையும் சாட்சியான தில்லைநாயகியையும் பணியிலிருந்து நீக்கலாகாது என்று சட்டத் துறை கருத்துரைத்தது. எனவே வளையம் அகப்படும் நாள்வரை அவ்விருவரும் நிரந்தரப் பணியாளர்கள் ஆனார்கள். ஏனைய ஆசிரியர்களின் உருளைகள் நீடிக்கும். தங்களையும் சாட்சிகளாகச் சேர்க்குமாறு அவர்கள் கொடுத்த விண்ணப்பங்கள் ஆய்வில் உள்ளன. ஏழையும் ஐந்தையும் கூட்டுவது, ஆணையம் அறிக்கை தரும்வரை, நாடெங்கும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆறையும் ஆறையும் கூட்டுவதைப் பற்றி எதுவும் முடிவு செய்யப்படவில்லை. ஆகவே மறுநாள் முற்பகல் பத்து மணிக்குத் தில்லைநாயகி அதைக் கரும்பலகையில் எழுதினார். மதிவாணன் எழுந்து நின்று பன்னிரண்டு என்றான்.