கீபோர்டிலிருந்து கூப்பிட்ட மாமனார்

செத்த பொருளுக்கு உயிர் கொடுக்கக் கிளம்புகிறவன், அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை.

என் மாமனார் அந்துவான் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். அவர் போன பிறகு, ரெட்டியார்பாளையம் வீட்டு ஹாலில் அது துணி போர்த்திக் கிடந்தது. எந்தச் சத்தத்தைப் பதிந்து வைத்தாலும் அதையே எல்லாக் கட்டைகளிலும் ஏற்றி இறக்கிப் பாடும் பழைய ரகம். சத்தங்களெல்லாம் ஃப்ளாப்பியில் இருந்தன. ஃப்ளாப்பி டிரைவோ பழுது. புது மாப்பிள்ளை (பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை, தலைக்கனம் உபரி) சும்மா இருப்பேனா? ஒரு சின்ன போர்டு செய்து உள்ளே பொருத்தினேன். அதில் பென் டிரைவைச் செருகினால், கீபோர்டு அதை ஃப்ளாப்பி என்றே நம்பிவிடும். மாமனாரின் ஃப்ளாப்பிகளை அதில் நகல் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்கப் பொறுமை இல்லை.

முதலாம் ஆண்டு நினைவு நாள். பூசை முடிந்து சொந்தமெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தது. "மாமாவோட வயலின் சத்தம் கேக்கப் போறீங்க" என்று அறிவித்துவிட்டு, இடது ஓரத்தில் ஒரு கட்டையை அழுத்தினேன்.

கிணற்றின் ஆழத்திலிருந்து எழுவதுபோல, மெதுவாக, ஒரு ஆண் குரல்:

"செ...லீ...ன்..."

செலின் என் மாமியார். சமையலறையிலிருந்து உடனே பதில் வந்தது.

"தோ, வந்துட்டேங்க!"

அதற்கப்புறம்தான் உள்ளே பாத்திரம் விழுந்தது.

பாரிசிலிருந்து வந்திருந்த பெரியம்மா "மோந்தியே!" என்று (நம் 'ஐயோ கடவுளே'தான்) சிலுவை போட்டுக்கொண்டார். நான் கையை எடுத்தேன். குரல் நிற்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. பதற்றத்தில் இரண்டு கைகளாலும் அகப்பட்ட கட்டைகளையெல்லாம் அமுக்கினேன். பூதக் குரலில் ஒருவர், கீச்சுக் குரலில் ஒருவர் என்று ஒரு ஊர்வலம் மாமனார்கள் சேர்ந்து மனைவியைத் தேடினார்கள். பாதிச் சொந்தம் தெருவில் நின்றது.

"என்னாங்க, பெடல்லேர்ந்து கால எடுங்க!" என்று கத்தி, என் மனைவி ஜெனி பிளக்கையே பிடுங்கினாள். கட்டையை விட்டாலும் சத்தத்தை நிறுத்தாமல் இழுத்துப் பிடிக்கும் பெடலின் மேல் என் கால் விறைத்துப்போயிருந்தது.

அத்தை ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"மன்னிச்சிடுங்க அத்தை. இப்பவே கழட்டிடுறேன்."

"கழட்டாதீங்க மாப்ள." கிட்டே வந்தார். "அவரு எப்பவும் கூப்பிடற மாதிரியே வர்ற கட்டை எது?"

மறுபடி பிளக்கைச் செருகி, ஒவ்வொன்றாக அழுத்தினேன். நடுவில் ஒன்றில் வந்துவிட்டார். பசி நேரத்துக் குரல், லேசான அவசரத்தோடு. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மைக்க டெஸ்ட் பண்றேன்னு என் பேரத்தான் சொல்வாரு" என்றார்.

அந்தக் கட்டையில் இப்போது சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு இருக்கிறது. அதைத் தொடும் உரிமை அத்தைக்கு மட்டும். சில சாயங்காலங்களில் தொடுவார். அதனால் எங்கள் குடும்பத்தில் யார் யாரைக் கூப்பிட்டாலும், உள்ளேயிருந்து முதலில் வருவது பதில் இல்லை, கேள்விதான்:

"ஆளா, கீபோர்டா?"