டார்ச்லைட் அண்ணன் பார்த்த பல்லி

டார்ச்லைட் அண்ணனுக்கு ஒரு ரகசியம் தெரிந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் மலேசிய ஊரான உலு திராம் முழுக்கத் தெரிந்துவிடும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. மறைக்க வராது, அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவர்தான் மெக்கானிக். பட்டப்பகலிலும் கையில் டார்ச்லைட் இருக்கும். கேன்டீனில் தே தாரிக், அதாவது ஆற்றிய டீ, வாங்கினால்கூட கிளாசுக்குள் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒருமுறை மின்பெட்டிக்குள் உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் பலகாரத்தின் துணுக்குகளைக் கண்டுபிடித்தார். "ஸ்டோர் முனியாண்டி சாப்பிட்டது. அவன்தான் உருளக்கெழங்க ஒதுக்குவான்" என்று சாப்பாட்டு மேசையிலேயே அறிவித்தார். முனியாண்டிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் ஓட்டும் வெட்டு மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஒரு அட்டை சாண் நீளம், அடுத்தது முழ நீளம். பிளேடு மாற்றியும் பலனில்லை. "இன்னிக்குள்ள சரியாகலன்னா பழைய இரும்புக்குத் தள்ளிருவேன்" என்றார் மேனேஜர். மெஷின் போனால் என் வேலையும் போகும்.

அண்ணன் மெஷினை நிறுத்தி, சுழலும் தண்டின் முனையில் இருந்த என்கோடரைக் காட்டினார். கைக்குள் அடங்கும் இரும்பு டப்பா.

"உள்ள கண்ணாடித் தட்டு, முழுக்கக் கோடு. ஒரு பக்கம் லைட்டு, மறுபக்கம் கண்ணு. தட்டு சுத்துறப்ப கோட்ட எண்ணி, எங்க வெட்டணும்னு இதுதான் சொல்லும். இந்த மாடல இப்ப யாரும் செய்யறதில்ல லா."

ஒயரைச் சோதித்தார். திருகுகளை இறுக்கினார். பிறகு அதே ஒயரில் சோதனை விளக்கை மாட்டி, தண்டைக் கையால் மெல்லச் சுற்றினார். விளக்கு மினுக்கிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் மட்டும் சும்மா இருந்தது.

"அலமாக், இங்க எண்ண மறந்துடுது."

டப்பாவைத் திறந்தார். மூடி ரப்பர் வெடித்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில், கண்ணாடித் தட்டின் ஓரம் வெள்ளையாக ஒரு திட்டு. மோந்து பார்த்தார்.

"பன்னீர் வாசம். திருநீறு வேற."

பூஜையன்று அந்த டப்பாவின் தலையில் திருநீறைக் குழைத்துப் பூசி, அரை பாட்டில் பன்னீரையும் ஊற்றிய பக்தை நான்தான்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "யாரும் மூச்சு விடக்கூடாது" என்று எல்லோரையும் தள்ளி நிற்கவைத்து, மூக்குக்கண்ணாடித் துணியில் ஸ்பிரிட் தொட்டு, கீறல் விழாமல் துடைத்தார். மூடியின் வெடிப்பைப் பசை பூசி அடைத்தார். மெஷினை ஓட்டினோம். அட்டைகள் ஒரே அளவில் விழுந்தன.

மேனேஜர் வந்தார். "என்ன கோளாறு? யார் செஞ்ச வேல?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பல்லி, பாஸ்" என்றார் அண்ணன்.

"பல்லியா? எங்க?"

"ஓடிருச்சு."

அதற்குமேல் அவருக்குக் கற்பனை போதவில்லை. பதற்றத்தில் மேனேஜர் முகத்திலேயே டார்ச்சை அடித்துவிட்டார். மறுநாள் தொழிற்சாலை முழுக்கப் பூச்சிமருந்து அடித்தார்கள். எல்லோரும் இருமிக்கொண்டே அண்ணனைத் திட்டினார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே வந்து, குளியலறையில் தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை என்கோடருக்கு மாட்டிவிட்டார். "இப்பப் பூசும்மா. சாமிக்குக் குறை வைக்காத."

வாழ்நாளில் அவர் காப்பாற்றிய ஒரே ரகசியம் என்னுடையது. அதையும் இன்று நானே ஊருக்குச் சொல்லிவிட்டேன். மன்னிச்சிருங்க அண்ணே, உங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க எனக்கு வரவில்லை.