கேஸ் ஹொயேச்சே

கேஸ் அலாரம் அலறினால் அங்கே கேஸ்தான் இருக்கும் என்று நம்பினேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு மூக்கு இருக்கிறது, ரசம் எது, சிலிண்டர் எது என்று முகர்ந்து பிரித்துவிடும் என்றுகூட நம்பினேன். (இன்ஜினியரிங் படித்தவன்தான். சிவில்.)

கல்கத்தாவின் டாலிகஞ்சில் எங்கள் அடுக்ககத்தில் பாதுகாப்பு என் பொறுப்பு. கூட்டத்தில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டபோது நான் மட்டும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கிடைத்த பதவி. உடனே வீடு வீடாகப் போய் அலாரம் மாட்டச் சொன்னேன். மசிந்தவர் எதிர் வீட்டு ஷ்யாமல்தா ஒருவர்தான். மெக்கானிக் அதை முழங்கால் உயரத்தில் மாட்டினார். "கேஸ் பலூன் மாதிரி மேலேதானே போகும்?" என்று கேட்டேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அன்றே நான் ராஜினாமா செய்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு காலை அலாரம் அலறியது. லுங்கியோடு ஓடினேன். மணி அடித்தால் தீப்பொறி கிளம்பும் என்று எங்கோ படித்திருந்ததால் கதவைக் குத்தினேன்.

"ஷ்யாமல்தா! என்ன ஆச்சு?"

உள்ளேயிருந்து ஈனசுரத்தில் பதில் வந்தது. "கேஸ் ஹொயேச்சே, தாதா!"

அண்ணா, கேஸ் ஆகிவிட்டதாம். கதவில் காதை ஒட்டவைத்தேன்.

"ரொம்பவா?"

"பீஷண்! ஷொகால் தேகே!"

பயங்கரமாம். காலையிலிருந்தாம்!

"வெளியே வாங்க!"

"முடியல தாதா, படுத்திருக்கேன். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும்."

மனிதர் சாகத் துணிந்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் மனைவி பெஹாலாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அந்த உயிருக்கு இனி நான்தான் பொறுப்பு.

மூன்று மாடியும் "கேஸ்! கேஸ்!" என்று கத்திக்கொண்டே இறங்கி, கீழே இருந்த மெயின் சுவிட்சை இழுத்தேன். அலாரம் சட்டென்று நின்றது.

"பார்த்தீங்களா, அடக்கிட்டேன்!" என்று படியிறங்கி வந்த கூட்டத்திடம் அறிவித்தேன். (அலாரமும் கரண்டில்தான் ஓடுகிறது என்பது பிறகு உறைத்தது.)

அப்போது லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு தமிழ்க் குரல் கேட்டது.

"ஏங்க, கரண்ட புடுங்கினது நீங்கதானே?"

மார்க்கெட்டுக்குப் போன என் மனைவி, இரண்டு பை காய்கறியோடு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

"எப்படித் தெரியும்?"

"இந்த பில்டிங்ல வேற யாரு இருக்கா, இதெல்லாம் செய்ய?"

நாலு பேர் கதவை உடைக்க மேலே ஏறத் தொடங்கும்போது ஷ்யாமல்தாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"அலாரம் கத்தினா கத்தட்டும்னு படுத்திருந்தேன். ஃபேன் ஏன் நின்னுடுச்சு?"

"தாதா, கேஸ்?" என்றேன்.

அவர் நெஞ்சைத் தடவினார். படிக்கட்டே அதிரும்படி ஓர் ஏப்பம் விட்டார். "இப்ப கொஞ்சம் தேவலை. மட்டன் அதிகமாயிடுச்சு."

கல்கத்தாவில் இருபது வருஷமாக இருக்கிறேன். இந்த ஊரில் 'கேஸ்' என்றால் முதலில் வயிறு, அப்புறம்தான் சிலிண்டர் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். கூட்டம் சிரித்த சிரிப்பில் நான் மெயின் சுவிட்சைத் திரும்பப் போட்டேன். வெளியே வந்த மனைவி என் கையில் பைகளைத் திணித்தாள்.

"அவருக்கு வயித்துல கேஸ். உங்களுக்குத் தலையில."

இன்றும் வீட்டில் யார் ஏப்பம் விட்டாலும் என் மகள், "அப்பா, மெயின ஆஃப் பண்ணவா?" என்கிறாள்.

ஆனால் அலாரம் சும்மா அலறவில்லை. மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்துக் கண்டுபிடித்தார். வயிற்று உப்புசத்துக்கு ஹோமியோபதி சொட்டு மருந்து குடிக்கப் போன ஷ்யாமல்தா, சமையலறையில் அலாரத்துக்கு நேர் கீழே புட்டியைக் கொட்டிவிட்டு, துடைக்காமல் போய்ப் படுத்திருக்கிறார். மருந்தில் ஸ்பிரிட் உண்டு. இந்த மலிவு ரக சென்சாருக்கு ஸ்பிரிட் ஆவியும் சமையல் கேஸும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துச் சொல்லும் புது ரகங்கள் வந்துவிட்டன, நாங்கள் வாங்கியது அதில்லை. அன்று சிலிண்டரின் ரெகுலேட்டர் மூடித்தான் இருந்தது.