தொண்ணூற்று மூன்று டிகிரி மரியாதை

மூன்றாவது காபி மெஷினும் பொய் சொன்னது. திரையில் தொண்ணூற்று மூன்று டிகிரி. பால் பண்ணை சூப்பர்வைசர் தன் சொந்தத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் எண்பத்தெட்டு.

"ஏங்க, காபி நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மனைவி.

"அதை நாக்கு சொல்லக் கூடாது. டிகிரி சொல்லணும்."

இருபது வருடமாகப் பால் தொட்டிகளின் சூட்டைக் கண்காணிக்கிறவர். எந்தத் திரையையும் நம்ப மாட்டார். மனைவியைப் பாதி நம்புவார், அதுவே பெரிய சலுகை.

எல்லாம் சகலை செய்த வேலை. போன மாதம் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாமனாருக்கு அன்றிலிருந்து ஒரே பாட்டு: "பெரிய மாப்பிள்ளை எஸ்பிரெஸோ மெஷின் வாங்கி வெச்சிருக்கார். பளபளன்னு நிக்குது. அவர் கையால ஒரு காபி கொடுத்தார் பாரு... அடடா!"

பன்னிரண்டு வருடத்தில் சின்ன மாப்பிள்ளைக்கு ஒரு 'அடடா' கிடைத்ததில்லை. 'பரவால்ல' மட்டும் ஏராளம். வரும் ஞாயிறு மாமனார் இங்கே வருகிறார். அன்றைக்கு அந்த 'அடடா'வை வாங்கியே தீருவதென்று மனிதர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

மூன்றாவதையும் கடையில் திருப்பிக் கொடுத்தார்.

"சூடு ஒரு டிகிரி நகரக் கூடாது. பதினஞ்சு வருஷம் உழைக்கணும்."

இந்த ஆள் ஒழிந்தால் போதுமென்று கடைக்காரர் ஓட்டல்களுக்கு விற்கிற மெஷினைக் கிடங்கிலிருந்து இறக்கினார். முப்பத்தைந்து கிலோ.

"உங்களுக்கப்புறமும் இது உழைக்கும் சார்."

தூக்கி வைத்ததும் சமையல் மேடையில் விரிசல் விட்டது. மேடைக்குக் கீழே கட்டை வைத்து முட்டுக் கொடுத்தார். கட்டை மறித்ததில் அலமாரிக் கதவு திறக்கவில்லை, பாத்திரமெல்லாம் உள்ளே. சரி போகட்டும் என்று ஸ்விட்சைப் போட்டார். வீடு முழுக்கக் கரண்ட் போனது.

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது ஓடணும்னா வீட்ல வேற எதுவும் ஓடக் கூடாது சார்."

"ஓடாது" என்றார் சூப்பர்வைசர், ராஜா மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை, ஃபேனாவது போடலாமா?"

"நாப்பதே நிமிஷம் மாமா. பாய்லர் நிலைக்கு வரணும்."

மாமனார் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டார். ஃபிரிட்ஜ் அழுது தரையெல்லாம் தண்ணீர். மனைவி துடைத்துக்கொண்டே முணுமுணுத்தாள். நல்லவேளை, அவருக்குக் கேட்கவில்லை.

கடைசியில் கோப்பை வந்தது. "தொண்ணூத்தி மூணு மாமா! சுத்தமா தொண்ணூத்தி மூணு!"

மாமனார் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ம்... பரவால்ல. ஆனா பெரிய மாப்பிள்ளை கைப்பக்குவம் வரல."

சூப்பர்வைசருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மறுநாள் மனைவியைக் கெஞ்சி, அவள் அக்காவிடமிருந்து அந்த வீட்டு மெஷினைப் பார்க்கிற மெக்கானிக்கின் நம்பரை வாங்கி, அவரை வரவழைத்தார்.

"எங்க சகலை மெஷின்ல என்ன சூடு வெச்சிருக்கீங்களோ, அதையே இதுலயும் வெச்சுக் கொடுங்க. புண்ணியமாப் போகும்."

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார்.

"அங்க நிக்கறது வெறும் கூடு சார், உள்ள இருந்ததெல்லாம் ஒரு வருஷமா என் பட்டறையில கிடக்கு, யார் வந்தாலும் அவரு வெந்நீர்ல இன்ஸ்டன்ட் பொடியைக் கலக்கித்தான் கொடுக்கறாரு!"