மாமா கமெரா எடுக்கப் போன நேரம்

மாமனாராக வரப்போகிற ஒருவருக்கு, அவர் கேட்காத உதவியைச் செய்யவே கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு மீன் தப்பியிருக்கும். (மீனின் ஆயுள் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மாமாவிடம் கேட்டால், அது இன்றைக்கும் நீந்திக்கொண்டிருக்கும் என்றுதான் சொல்லுவார்.)

அப்போது நான் பிரெஞ்சுத் தலைநகரில், லாச்சப்பல் பகுதியில் ஒரு சாமான் கடைக்கு மேலே உள்ள அறையில் குகன் அண்ணையோடு இருந்தேன். ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ரில் வேலை. ஊருக்கு 'செஃப்' என்று சொல்லியிருந்தேன். உண்மையில் காலையிலிருந்து மீன் வெட்டுவதுதான் என் உத்தியோகம். தர்சினியை எனக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. மிச்சமிருந்தது அவளுடைய அப்பா ஒருவர்தான்.

அவர் புறநகரான எபினேயில் இருந்தார். மற்ற அப்பாமார் மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, விசா என்ன மாதிரி, வேலை என்ன மாதிரி என்று விசாரிப்பார்கள். இவர் ஆற்றங்கரைக்குக் கூப்பிடுவார். ஞாயிறு தவறாமல் தூண்டிலோடு போகிற மனிதர். எனக்கு முன்னால் போன ஒரு மாப்பிள்ளை, மிதவையைப் பார்க்காமல் போனையே நோண்டிக்கொண்டு நின்றானாம். "பொறுமை இல்லாத பெடியன்" என்று அங்கேயே கதையை முடித்துவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை உங்களை வரட்டாம்" என்று தர்சினி போன் எடுத்தாள். "அப்பா வேண்டாம் எண்டால் நான் ஒண்டும் செய்யேலாது. சொல்லிப்போட்டன்."

ஆற்றில் என்ன நடக்கும் என்று கேட்டேன். அவளுக்கு மீன் வெடுக்கே ஆகாது, தெரியாது என்றாள்.

ஆனால் குகன் அண்ணைக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. (அவருக்கு அதுவரை கல்யாணம் ஆகவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.)

"மரம் மாதிரிச் சும்மா நிக்காதை. சும்மா நிக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? அந்தாள் வாய் திறந்து சொல்ல முதல் வேலையை முடிச்சுப்போட்டு நிக்கவேணும். விளங்குதோ?"

விளங்கியது. வேலைக் கத்தி, பலகை, உப்பு, மஞ்சள்தூள், ஒரு பை ஐஸ்கட்டி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டேன். முந்தின மாப்பிள்ளையின் கதையை நினைத்து, போனை அறையிலேயே விட்டுவிட்டேன். வாசலில் வைத்து குகன் அண்ணை, தான் தேங்காய்ப்பால் பிழிந்து வைப்பதாகச் சொல்லியும், தனக்கும் இரண்டு துண்டு மீன் கொண்டுவரச் சொல்லியும் வழியனுப்பினார்.

அந்த ஆற்றின் பெயரைச் சொல்ல மாமா இன்றுவரை எனக்கு அனுமதி தரவில்லை. சின்ன ஆறு. சில இடங்களில் காற்சட்டையை மடித்துக்கொண்டு கடந்துவிடலாம். காரிலேயே மாமா தன் மனக்குறையைச் சொன்னார்.

"தம்பி, பாஸ் எண்டொரு மீன். இந்தப் பக்கம் நிக்கிறது எல்லாம் பெரியவாய்ப் பாஸ். ஆனால் இந்த ஆத்துக்குள்ளை ஒரு சின்னவாய் நிக்குது. என்ரை கண்ணால கண்டனான். மீன்பிடிக் கிளப்பில ஒரு வெள்ளையும் நம்புறான் இல்லை. பகிடி பண்ணுறாங்கள்."

"ஓம் அங்கிள், சரியான அநியாயம்" என்றேன். சட்டிக்குள் போகிற மீனுக்கு வாய் சின்னதென்றால் என்ன, பெரிதென்றால் என்ன என்பது என் சொந்த அபிப்பிராயம். அதைச் சொல்லவில்லை.

கரையில் காலை முழுக்க நின்றோம். நான் அசையவே இல்லை. "நல்ல பொறுமை உமக்கு" என்றார் மாமா. (குளிரில் விறைத்துப் போயிருந்தேன்.) இந்தக் கல்யாணம் சரி என்று மனதுக்குள் மண்டபம் கூடப் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் தூண்டில் வளைந்தது. மீன் தண்ணீருக்கு மேலே ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. மாமா முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார், முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார், முருகா முருகா என்றார். கடைசியில் வலைக்குள் வந்தது ஒரு பித்தளை நிற மீன். பக்கவாட்டில் பட்டை பட்டையாகக் கோடு, சிவந்த கண்.

"பாத்தீரோ! வாயைப் பாரும்! பெரியவாய் எண்டால் கண்ணைத் தாண்டிப் போகும், இது கண்ணுக்கு இஞ்சாலையே நிண்டிட்டுது. சின்னவாய்தான் தம்பி, சின்னவாய்!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு சட்டைப்பையைத் தடவினார். கமெரா காருக்குள். கார் வயலுக்கு அந்தப் பக்கம்.

"வலையைத் தண்ணிக்குள்ளை வச்சுப் பிடிச்சிரும். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம் ஓடினார்.

நானும் மீனும் தனித்திருந்தோம். குகன் அண்ணையின் குரல் காதுக்குள் கேட்டது. பாவம், வயதுபோன மனிதர். களைத்து வந்து, குனிந்திருந்து இதைக் கிளீன் பண்ணவும் வேண்டுமா? நான் எதற்கு இருக்கிறேன்?

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. மாமா ஒரு கையில் கமெராவும் மறு கையில் அளவுநாடாவுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, செதிள் நீக்கி, குடல் எடுத்து, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவிப் பலகையில் அடுக்கியிருந்தேன்.

"முடிஞ்சுது அங்கிள்! குழம்புக்கு எண்டபடியால் தலையை ரெண்டாப் பிளந்திருக்கிறன்."

அவர் முதலில் தண்ணீருக்குள் தேடினார். பிறகு பலகையைப் பார்த்தார். மெதுவாகக் குந்தி இருந்து, தலையின் இரண்டு பாதிகளையும் எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தார். அந்த வாய் இப்போது சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை.

"படம் எடுத்துப்போட்டு விடுறதுக்கெல்லோ பிடிச்சனான்..."

"எங்கை அங்கிள் விடுறது?"

"ஆத்துக்குள்ளை, தம்பி. ஆத்துக்குள்ளை."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். "அப்ப ஏன் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

பலகையில் இருந்ததையெல்லாம் ஐஸ் பையில் போட்டுக் காரில் ஏற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போவதாகத்தான் ஏற்பாடு. திரும்பும் வழியில் சென் தெனி ரயில் ஸ்டேஷனுக்கு முன்னால் காரை நிறுத்தி, "இதிலை இறங்கும்" என்றார். பதற்றத்தில் மீன் பையையும் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

அறையில் தேங்காய்ப்பாலோடு காத்திருந்த குகன் அண்ணை முழுக்கதையையும் கேட்டார். "அட நாசமறுந்தவனே, மீனையாவது கொண்டு வந்திருக்கலாமேயடா" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இன்றைக்குப் பகிடியாக எழுதுகிறேன், அன்றைக்கு அழுதது பகிடி இல்லை. தர்சினியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பின்னேரம் அவள் போன் எடுத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

காரிலிருந்த பையை அவளுடைய அம்மா திறந்து பார்த்திருக்கிறா. மாமா இத்தனை காலமும் ஞாயிறுதோறும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். பிடித்து விட்டுவிட்டேன் என்று சொல்லுவார். பிடித்த மீனைத் திருப்பி விடுகிற மனிதன் உலகத்தில் எங்கேயாவது இருப்பானா? இந்த மனிசனுக்கு மீன் படுவதே இல்லை, வெட்கத்தில் கதை விடுகிறார் என்றே மாமி நம்பியிருந்தா. எபினே முழுக்க அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தா.

"இஞ்சரப்பா, உண்மையா இது நீங்கள் பிடிச்சதோ?"

"ஓம்."

"வெட்டினது?"

"அந்த விசரன்."

மாமி குழம்பு வைத்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பி, தீர்ப்பையும் சொல்லிவிட்டா: "இந்த வீட்டுக்கு ஆத்திலை இருந்து மீன் கொண்டு வந்தது அந்தப் பெடியன் ஒருத்தன்தான். பிள்ளையை அவனுக்கே குடுங்கோ." மாமா குழம்பைத் தொடவில்லையாம். ஆனால் கல்யாணத்துக்கு மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கிளப்பில் இன்றுவரை சின்னவாயை யாரும் நம்பவில்லை. கல்யாணத்தில் கேக் வெட்டக் கத்தியை யாரோ என்னிடம் நீட்டியபோது, மாமா அதை வாங்கித் தர்சினியிடம் கொடுத்தார். சபை சிரித்தது.

எங்கள் மகள் பிறந்த அன்று, நேர்ஸ் அவளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தாள். போனில் வேண்டாம், கமெராவிலேயே படம் எடுக்க வேண்டும் என்றாள் தர்சினி. கமெரா கீழே, காருக்குள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

"பிள்ளையை இஞ்சை தாரும். இந்தமுறை நீர் ஓடும்."