ஐயோ அண்ணையும் ஒருவழி அடப்டரும்

மன்னார்க் கடலில் எத்தனை மீன் இருக்கிறதோ, அத்தனை பயம் ஐயோ அண்ணையிடம் இருந்தது. அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த குருவானவருக்கு வேண்டுமானால் அது நினைவிருக்கலாம். எதைச் சொல்வதென்றாலும் "ஐயோ" என்று தொடங்குவதால் வங்காலையில் எல்லாருக்கும் அவர் ஐயோ அண்ணைதான். வீட்டுக்கு வருகிறவர்களைக்கூட "ஐயோ, வாங்கோ" என்றுதான் வரவேற்பார்.

இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், சத்தமாகத் தும்முகிறவர்களுக்கும் பயம். பாலம் தாண்டி, தீவில் இருக்கும் மன்னார் பட்டினத்தில் அவருக்குக் கொம்பியூட்டர் திருத்தும் கடை ஒன்று இருந்தது. வாசலில் கழுதை படுத்திருந்தால் அது தானாக எழும்பிப் போகும்வரை எதிர்ப்பக்கத்தில் நிற்பார். தீவுக்குப் போகும் பஸ் பாலத்தில் ஏறியதும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிடுவார்.

"அண்ணை, நீந்தத் தெரியுமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐயோ, தெரியாது. எண்டாலும் ஆயத்தமா இருக்கோணும்."

கடையில் அவர் அதிகம் பயந்தது கொம்பியூட்டரை ரீவியோடு இணைக்கும் அடப்டர்களுக்குத்தான். உப்புக்காற்று செம்பைத் தின்றுவிடும் என்று அவற்றைப் பால்மா டின்களில் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார். யார் வந்து கேட்டாலும் முதற்கேள்வி ஒன்றுதான்: "எதிலயிருந்து எதுக்கு?"

நானாட்டானில் இருந்து ஒரு கமக்காரர் வந்தார். மகளின் கலியாண வீடியோவை ரீவியில் போட்டுப் பார்க்க ஆசை.

"கொம்பியூட்டரிலயிருந்து ரீவிக்கு."

"ஐயோ, அது எனக்கும் தெரியும். வயர் செருகுற வாய் எப்பிடி? தட்டை வாயோ, நீல வாயோ?"

"நான் வீடியோ பாக்க வந்தனானோ, பல்லுப் பிடுங்க வந்தனானோ?"

"ரெண்டு வாயையும் கண்ணால பாக்காமத் தரமாட்டன். பிழையானதைத் தந்து ஏதும் எரிஞ்சால் ஆர் பொறுப்பு?"

அந்த மனிதர் மறுநாள் ரீவியை மெத்தையில் சுற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பின்னால் வந்த வாகனங்கள் எல்லாம் வரிசையில் நின்று ஹோர்ன் அடித்தன. அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஐயோ அண்ணை மேசைக்குக் கீழே போய்விட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளத்தில் நின்றேன், தார் ஊற்றினேன், மறிச்சுக்கட்டிப் பக்கம் யானைக்குக் காவலாகப் பரண் மேல் இருந்தேன். அந்தக் காலத்தில் வங்காலையில் ஒரு சம்மாட்டியின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வள்ளமும் வலையும் அவருடையவை, உடம்பு எங்களுடையது. சம்மாட்டி கட்டியிருந்தது ஐயோ அண்ணையின் அக்காவை.

அது மாரி தொடங்கிய நேரம். வலையைக் கடலில் விட்டுவிட்டுக் கரைக்கு வந்திருந்தோம். காற்று மாறியது. "கவனமாக இருக்கவும்" என்று வானொலியில் சொன்னார்கள். தடை என்று சொல்லாதவரை போகலாம் என்றுதான் கரையில் பொருள். வலை போனால் அந்த மாரி முழுக்கச் சம்மாட்டிக்கும் எங்களுக்கும் அடுப்பு எரியாது. பொழுதுபட முதல் போய் வலையை எடுத்துவிடுவது என்று சம்மாட்டி முடிவெடுத்தார்.

எனக்குள் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் என்று வாயைத் திறந்தால் அடுத்தநாள் வள்ளத்தில் வேறு ஆள் நிற்பான். போகாவிட்டால் சோறு இல்லை. போனால் சோறே தேவைப்படாமலும் போகலாம். பேசாமல் எண்ணெய்க் கலனைத் தூக்கினேன்.

அப்போதுதான் ஐயோ அண்ணை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடிவந்தார்.

"ஐயோ, அத்தான், போகாதைங்கோ! புயல் வருது. இஞ்ச பாருங்கோ, மேகத்தின்ர படம்!"

சம்மாட்டி குனிந்து பார்த்தார். "உள்ளங்கை அளவு புயலுக்கு நான் வலையை விடுறதோ, மச்சான்?"

அண்ணை ஓடிப்போய் லப்டொப்பைக் கொண்டுவந்தார். ஒருமுறை இடி முழங்கியபோது கையை விட்டதில் அதன் திரை பாதி கருத்துப்போயிருந்தது. புயல் சரியாக அந்தக் கருத்த பாதிக்குள் இருந்தது.

"உன்ர கொம்பியூட்டரில எந்த நாளும் பாதி உலகம் இருட்டுத்தானே" என்றார் சம்மாட்டி. கரை முழுக்கச் சிரித்தது.

அண்ணையின் கண் மீனவர் சங்கக் கட்டிடத்தின் பக்கம் போனது. நாங்கள் கிரிக்கெட் பார்க்கும் பெரிய ரீவி அங்கே இருந்தது. அதன் தட்டை வாயை உப்புத் தின்றுவிட்டது. நீல வாய் மட்டும்தான் மிச்சம். லப்டொப்பிலோ தட்டை வாய்தான். அண்ணை வீட்டுக்குப் போய் ஓர் அடப்டரோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "பத்து நிமிசம் தாறன்" என்று சம்மாட்டி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

செருகினார். இரண்டு பக்கமும் அச்சொட்டாகப் பொருந்தியது. ரீவியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அண்ணை அடப்டரைக் கண்ணருகே பிடித்து எழுத்தைப் படித்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"ஐயோ... இது நீல வாயிலயிருந்து தட்டை வாய்க்கு. எங்களுக்குத் தட்டையிலயிருந்து நீலத்துக்கு வேணும்."

ஊரையெல்லாம் "எதிலயிருந்து எதுக்கு?" என்று கேட்டு வதைத்த மனிதர், தன்னை மட்டும் கேட்க மறந்துவிட்டார்.

"அப்ப மறுவளமாப் படத்தை விடுங்கோவன்" என்றான் ஒருவன்.

"கயிறு எண்டால் எந்தத் தலைப்பில பிடிச்சு இழுத்தாலும் வரும்தானே" என்றார் சம்மாட்டி.

"ஐயோ, அத்தான், இது கயிறில்லை. இது ஒரு பக்கமாத்தான் போகும். திரும்பி வராது."

திரும்பி வராது என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டுபேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சம்மாட்டி எழும்பி வள்ளத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

அண்ணை என் கையைப் பிடித்தார். "தம்பி, சரியான அடப்டர் கடையில கிடக்கு. உன்ர மோட்டார் சைக்கிளை எடு."

மோட்டார் சைக்கிளைக் கண்டால் மதிலோடு ஒட்டிக்கொள்ளுகிற மனிதர் அவர். பயம் என்று சொல்லாமலே வள்ளத்தில் ஏறாதிருக்க எனக்கும் ஒரு சாட்டுக் கிடைத்தது. எடுத்தேன்.

பாலத்தில் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. இரண்டு பக்கமும் கடல் ஈய நிறத்தில் கிடந்தது. மோட்டார் சைக்கிள் தன்பாட்டில் சரிந்தது. பின்னால் அண்ணை என் விலா எலும்பை நெரித்துக்கொண்டு, தெரிந்த புனிதர் எல்லாரையும் கூப்பிட்டார்.

"மெதுவாப் போகட்டோ, அண்ணை?"

"ஐயோ, கெதியாப் போ! ஐயோ, மெதுவாப் போ! நீ பாத்துப் போ, நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறன்!"

கடை வாசலில் இரண்டு கழுதைகள் படுத்திருந்தன. அண்ணை பொறுத்திருக்கவில்லை. "ஐயோ, மன்னியுங்கோ" என்று சொல்லி ஒன்றைத் தாண்டிக் குதித்தார். பால்மா டின்னை நிலத்தில் கவிழ்த்து அரிசியைக் கிளறினார். இந்தமுறை மூன்று தரம் வாய்விட்டுப் படித்தார். "தட்டையிலயிருந்து நீலத்துக்கு. தட்டையிலயிருந்து நீலத்துக்கு." நீல வாய் வயர் ஒன்றையும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டிருந்தார்கள். என் இடத்தில், அவ்வளவு நேரமும் தேடிப் பிடித்த வேறொருவன் நின்றான். அண்ணை கடலுக்குள் இடுப்பளவு இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் அவர் நின்றதை அதுவரை யாரும் கண்டதில்லை.

"ஒருக்கால் பாத்திட்டுப் போங்கோ, அத்தான். ஒருக்கால்!"

அவரை அந்தக் கோலத்தில் கண்ட அதிர்ச்சியில்தான் சம்மாட்டி இறங்கினார் என்று நினைக்கிறேன்.

இந்தமுறை ரீவி ஒருதரம் கண்ணை மூடித் திறந்தது. பிறகு படம் வந்தது. சுவரளவு வெள்ளைச் சுழி, நடுவில் ஒரு கருத்த ஓட்டை. சம்மாட்டி கிட்டப் போய்த் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"எங்கட வலை எவ்விடத்தில, மச்சான்?"

அண்ணை விரலை வைத்தார். விரல் வெள்ளைக்குள் மறைந்த மாதிரி இருந்தது.

சம்மாட்டி வெளியே போய், வள்ளத்தைக் கரைக்கு இழுக்கச் சொன்னார்.

புயல் வரவில்லை. திரும்பி வேறு கரைக்குப் போய்விட்டது. எங்களுக்கு வாய்த்தது ஒரு மழையும், முறிந்து விழுந்த நாலு பனையோலையும்தான். காலையில் போனால் வலை வைத்த இடத்திலேயே கிடந்தது, உள்ளே இருந்த மீன் மட்டும் பழுது. கரை முழுக்க அண்ணையைப் பிடித்துக்கொண்டது. "ஐயோ அண்ணை, அடுத்த புயலுக்கு எந்த அடப்டர்?" சம்மாட்டி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அண்ணை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயோ, சிரியுங்கோ. சிரிக்கிறதுக்கு ஒருத்தரும் குறையேல்லைத்தானே."

நான் வங்காலையை விட்டு வந்து கன காலம். இருந்தும் வானம் கறுத்தால் என் போன் அடிக்கும். "ஐயோ, தம்பி, எங்க நிக்கிறாய்? உள்ளுக்கையோ, வெளியிலயோ?"

எந்த ஊரில் என்ன வேலையில் நின்றாலும், நான் ஒரு கூரைக்குக் கீழே போய் நின்றபிறகுதான் போனை எடுப்பேன்.

"உள்ளுக்கைதான், அண்ணை."