டீயில் கொப்பளித்துவிட்டுப் பெண் பார்க்கப் போன கதை

பல் டாக்டரைப் பார்த்துட்டு வரணும். அன்னைக்கு எனக்கு வேலை அவ்வளவுதான்.

முன்பல்லிலேயே சொத்தை. அடுத்த மாசம் திருவானைக்காவலில் பெண் பார்க்கப் போகணும். இதுக்கு முன்னால் பார்த்த இடமெல்லாம் என் வாயால்தான் கெட்டது என்பது அக்காவின் கட்சி.

"இதுவும் போச்சுன்னா நான் பெண் தேட மாட்டேன்டா. மண்டியில ஒரு வாழைத்தாரைப் பார்த்து நீயே கட்டிக்க" என்று சொல்லிட்டாள்.

காந்தி மார்க்கெட்டில் எனக்கு வாழைக்காய் மண்டி. மூட்டை தூக்கி, ஏச்சு வாங்கி, பேரம் பேசியே மேலே வந்தவன். எதையும் சொன்னபடி வாங்கினால் அன்னைக்குத் தூக்கம் வராது.

டாக்டர் வாயில் பஞ்சை வைத்துப் பார்த்தார். "பக்கத்துப் பல்லுலயும் ஆரம்பிச்சிருக்கு. ரெண்டையும் அடைக்கணும்."

"பெரிசை அடைங்க. சின்னதைக் கொசுறா அடைச்சுடுங்க."

"இது பல்லுங்க. கீரைக்கட்டு இல்ல."

வந்தது பாருங்க கோபம். பஞ்சோடயே எழுந்து வந்துட்டேன். படியிறங்கும்போது திட்டியதெல்லாம் அந்தப் பஞ்சுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் அருளப்பன் சார் உட்கார்ந்திருந்தார். எங்க தெருவிலேயே குடியிருக்கிறவர், காலேஜில் தாவரவியல் வாத்தியார். கதையைச் சொன்னேன்.

"டீயில ஒரு துவர்ப்பு இருக்கு பாருங்க தம்பி, அதுக்குக் காரணம் பாலிஃபீனால்னு ஒரு சத்து. பல்லைச் சொத்தையாக்குற பாக்டீரியா பல்லுல ஒட்டி வளர்றதை அது தடுக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. பாலும் சர்க்கரையும் போடாத டீயா இருக்கணும். சர்க்கரைதான் அந்தக் கிருமிக்குத் தீனியே."

எங்க மண்டியில் ஒருத்தர் 'கொடுக்கலாம்' என்றால் வியாபாரம் முடிஞ்சுது. தார் வண்டியில் ஏறிடும். சார் 'தடுக்கலாம்' என்றதும் எனக்கும் விஷயம் முடிஞ்சுபோச்சு. காலேஜில் 'லாம்' என்றால் பேச்சே இன்னும் ஆரம்பிக்கலைன்னு அர்த்தமாம். யாருக்குத் தெரியும்?

"கொப்பளிச்சாப் போதுமா சார்?"

"ஒரு வாய் கொப்பளிச்சுப் பாருங்க. அடைக்க வேண்டியதையும் அடைச்சுடுங்க."

ஒரு வாய் என்றால் என் கணக்கில் ஒரு சொம்பு. டீத்தூளை அள்ளிப் போட்டு, லாரி ஆயில் மாதிரி ஆகிற வரைக்கும் கொதிக்கவிட்டு, வீட்டிலும் மண்டியிலும் விடாமல் கொப்பளிச்சேன். பல் டாக்டர் பக்கமே போகலை.

கொப்பளிக்கிற நேரம் மட்டும் மண்டி அமைதியா இருந்தது. கணக்குப்பிள்ளை பவ்யமா வந்து, "முதலாளி, வியாபார நேரம் முழுக்க வாயிலயே வெச்சிருந்தா பல்லுக்கு இன்னும் நல்லதாமே" என்றார். யார் சொன்னதுன்னு கேட்க முடியலை. வாய் நிறைய டீ.

பெண் பார்க்கப் போகிற அன்னைக்குக் காலையில் அக்கா என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்னாள்.

"டேய், வாயைத் திற. எப்ப இருந்துடா புகையிலை போடற?"

கண்ணாடியில் பார்த்தேன். சொத்தைப் பல் எதுன்னு எனக்கே தெரியலை. எல்லாமே ஒரே நிறம். உமிக்கரி, உப்பு, சாம்பல், எதுக்கும் அசையலை.

அருளப்பன் சார் வீட்டுக்கு ஓடினேன். "கறை பிடிக்கும்னு சொல்லலையே சார்?"

"சொன்னேனே தம்பி. அப்பத்தான் நீங்க கண்டக்டரோட சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க."

திருவானைக்காவல் போகிற வழியெல்லாம் அக்கா ஒரே பாட்டு: "வாயைத் திறக்காதே. சிரிக்கணும்னா மூடிக்கிட்டே சிரி."

மூடிக்கிட்டே சிரிச்சேன். பஜ்ஜி வந்தது. அதை மூடிக்கிட்டுத் தின்ன முடியுமா? எதிரே பெண்ணின் தாய்மாமன், மணப்பாறை சந்தையில் மாட்டுத் தரகர், என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"மாப்பிள்ளைக்கு முப்பதுன்னு சொன்னாங்க. பல்லு வேற வயசு சொல்லுதே."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். பொறுத்துக்கிட்டேன்.

"புகையிலைப் பழக்கம் உண்டோ?"

அதுக்கு மேல் முடியலை. "யாருங்க புகையிலை போடறது? இது டீங்க, டீ. பாலிஃபீனால்!" என்று கத்தி, மேல்வரிசை கீழ்வரிசை இரண்டையும் சபைக்குக் காட்டினேன்.

பெண்ணின் அம்மா தன் வீட்டுக்காரரிடம் மெதுவா, "பாலி... அது என்ன, சீமைச் சாராயமாங்க?" என்றாள்.

அக்கா பையை எடுத்துக்கிட்டு எழுந்துட்டாள். அப்போ உள்வாசலில் இருந்து சிரிப்புச் சத்தம். பெண்தான். வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரிச்சுட்டு, அப்பாவிடம் சொன்னாள்:

"டீக்கறை டாக்டர்கிட்ட போனா போயிடும்பா. இந்தக் கோபம் போகுமான்னு கேளுங்க."

எல்லாரும் என்னையே பார்த்தாங்க. வாழ்க்கையில் முதல் தடவையா, சொன்ன விலைக்கே ஒத்துக்கிட்டேன்.

"போயிடுமுங்க" என்றேன்.

அந்த ஆவணியிலேயே கல்யாணம். அதுக்கு முன்னால் பல்லைச் சுத்தம் பண்ணி, சொத்தை இரண்டையும் மரியாதையா அடைச்சுக்கிட்டேன்.

பல்லு வெளுத்தது. மத்ததைப் பத்தி என் வீட்டுக்காரியிடம் யாரும் கேட்டுடாதீங்க.